2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் பளுதூக்குதல் – ஆண்கள் 77 கிலோ

2018 பொதுநலவாய (காமன்வெல்த்) விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் 77 கிலோ எடைப்பிரிவுக்கான பளுதூக்கும் போட்டி, ஆத்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில் உள்ள கராரா விளையாட்டரங்கில் ஏப்ரல் 7 அன்று நடைபெற்றது. தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். 2014 ஆம் ஆண்டு கிளாசுகோ போட்டிகளிலும் இதே பிரிவில் தங்கம் வென்றவர் அவர். தொடைக் காயத்தோடு களமிறங்கிய நடப்பு வாகையாளர், தமது பழைய அளவைவிட 11 கிலோ குறைவாகத் தூக்கியும் பட்டத்தைத் தக்கவைத்தார் என்பது இப்போட்டியின் சிறப்பு.

போட்டி முறை

பளுதூக்குதலில் இரு வகைத் தூக்கல்கள் உள்ளன. முதலாவது ஸ்னாட்ச்: தரையில் உள்ள எடையை இடைநிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு செல்ல வேண்டும். இரண்டாவது கிளீன் அண்டு ஜெர்க்: எடையை முதலில் தோள்வரை கொண்டுவந்து நிறுத்தி, பிறகு தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு வகையிலும் மூன்று முயற்சிகள் உண்டு. இரண்டிலும் தூக்கிய சிறந்த அளவுகளைக் கூட்டி வருவதே வீரரின் மொத்தம். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு காட்டினால் அந்தத் தூக்கல் செல்லும்.

இவ்விளையாட்டின் போக்கைத் தீர்மானிக்கும் விதி ஒன்று உண்டு. தண்டில் ஏற்றப்படும் எடை கூடிக்கொண்டே போகும், குறையாது. குறைந்த எடையைக் கேட்பவர் முதலில் வருவார், அதிக எடையைக் கேட்பவர் பின்னால் வருவார். ஓர் எடையில் தவறியவர் அடுத்த முயற்சியில் அதே எடையை மீண்டும் கேட்கலாம், அல்லது அதைவிடக் கூட்டிக் கேட்கலாம். இறங்கி வர வழியில்லை. அதனால் எந்த நேரத்தில் எவ்வளவு கேட்பது என்ற கணக்கும் உடல் வலுவைப் போலவே முக்கியமானது.

பின்னணி

1992 இல் பிறந்த சதீஷ், வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையும் படையில் பணியாற்றிய பளுதூக்கும் வீரர். சதீஷ் தெற்கு இரயில்வேயில் பணிபுரிபவர். 2015 இல் அருச்சுனா விருது பெற்றார்.

2014 கிளாசுகோவில் அவர் ஸ்னாட்ச்சில் 149 கிலோ, கிளீன் அண்டு ஜெர்க்கில் 179 கிலோ என மொத்தம் 328 கிலோ தூக்கினார். அந்த 149 கிலோ, பொதுநலவாயப் போட்டிகளின் புதிய சாதனையாக அமைந்தது. அன்று வெள்ளி வென்றவரும் இந்தியரே: 2010 தில்லியில் 69 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஒடிசாவின் இரவிக்குமார் கட்டுலு. 2016 இரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் 329 கிலோ தூக்கி 11 ஆம் இடம் பெற்றார். 2017 இல் இதே கோல்டு கோஸ்ட் நகரில் நடந்த பொதுநலவாயப் பளுதூக்கும் வாகையர் போட்டியில் 320 கிலோ தூக்கித் தங்கம் வென்று, 2018 போட்டிக்கான தகுதியைப் பெற்றார்.

அதன்பின் தேசியப் போட்டியில் கிளீன் அண்டு ஜெர்க்கில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையின் முன்புறத் தசையில் காயம் ஏற்பட்டது. பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாமல்தான் கோல்டு கோஸ்ட் வந்ததாகவும், முழு உடல்தகுதி இல்லாத நிலையிலேயே போட்டியிட்டதாகவும் வெற்றிக்குப் பின் அவர் செய்தியாளர்களிடம் கூறினார். இரண்டு வகைத் தூக்கல்களிலும் குந்திய நிலையிலிருந்து எடையோடு எழுந்து நிற்க உதவுவது இத்தசையே. இங்கு வலி இருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் அது தெரியும்.

போட்டியின் போக்கு

சதீசுக்குக் கடும் போட்டியாக அமைந்தவர் இங்கிலாந்தின் சாக் ஆலிவர். ஸ்னாட்ச்சில் சதீஷ் 136, 140, 144 என மூன்று முயற்சிகளிலும் வெற்றி பெற்றார். ஆலிவரின் சிறந்த அளவு 145 கிலோ. ஆக, முதல் பகுதி முடிந்தபோது சதீஷ் ஒரு கிலோ பின்தங்கியிருந்தார்.

கிளீன் அண்டு ஜெர்க்கில் ஆலிவர் 167 கிலோ தூக்கி 312 கிலோவை எட்டினார். சதீஷ் முதல் முயற்சியில் 169 கிலோ தூக்கி, மொத்தத்தை 313 ஆக்கி முன்னிலை பெற்றார். இப்போது இடைவெளி மறுபுறமாக ஒரு கிலோ.

அடுத்து ஆலிவர் 171 கிலோ கேட்டார். அதைத் தூக்கியிருந்தால் அவருடைய மொத்தம் 316 ஆகி, மூன்று கிலோ முன்னிலை கிடைத்திருக்கும். ஆனால் தவறினார். சதீசை முந்த அவருக்கு 169 கிலோவே போதுமானது. ஆயினும் 171 கேட்டுவிட்ட பிறகு கீழே இறங்க விதி இடம் தராது. மூன்றாம் முயற்சியிலும் அதே 171 கிலோவில் தவறினார். அவருடைய கணக்கு 312 இல் நின்றது.

சதீஷ் இரண்டாம் முயற்சியில் 173 கிலோவைத் தூக்கி 317 கிலோவை எட்டினார். மூன்றாம் முயற்சி தேவைப்படவில்லை, அதை விட்டுவிட்டார். ஆலிவர் இருமுறை தவறியதில் தமக்குச் சற்று அதிர்ட்டம் இருந்ததாகச் சதீசே ஒப்புக்கொண்டார். எனினும் ஆலிவர் 171 ஐத் தூக்கி 316 க்குச் சென்றிருந்தாலும், அதைக் கடக்கத் தேவையான 173 கிலோவைச் சதீஷ் தூக்கிக் காட்டினார் என்பதையும் சேர்த்தே இவ்வெற்றியைப் பார்க்க வேண்டும்.

முடிவுகள்

தங்கம்: சதீஷ் சிவலிங்கம் (இந்தியா) – 144 + 173 = 317 கிலோ
வெள்ளி: சாக் ஆலிவர் (இங்கிலாந்து) – 145 + 167 = 312 கிலோ
வெண்கலம்: பிரான்சுவா எத்துண்டி (ஆத்திரேலியா) – 136 + 169 = 305 கிலோ

எத்துண்டி கிளாசுகோவிலும் வெண்கலம் வென்றவர். அன்று அவர் தூக்கியது 314 கிலோ. 2018 இல் அதே அளவு வெள்ளிப் பதக்கம் தந்திருக்கும். கிளாசுகோவில் கட்டுலுவுக்கு வெள்ளி தந்த மொத்தமும் 317 கிலோவே. நான்கு ஆண்டுகள் கழித்து அதே 317 தங்கமாயிற்று. பதக்கத்தின் நிறத்தை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, அன்று மேடையேறிய மற்றவர்களின் அளவும் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு போட்டிகளும் நல்ல எடுத்துக்காட்டு.

பின்விளைவு

கோல்டு கோஸ்ட்டில் இந்தியா பளுதூக்குதலில் 5 தங்கம், 2 வெள்ளி, 2 வெண்கலம் என 9 பதக்கங்கள் வென்றது. சதீசு வென்றது அவற்றுள் மூன்றாவது தங்கம். அதே நாளில் 85 கிலோ பிரிவில் ஆந்திராவின் இராகல வெங்கட் இராகுலும் தங்கம் வென்றார்.

2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பன்னாட்டுப் பளுதூக்கும் கூட்டமைப்பு உடல் எடைப்பிரிவுகளை மாற்றியமைத்தது. 77 கிலோ பிரிவு நீக்கப்பட்டு, 73, 81 கிலோ பிரிவுகள் வந்தன. 2022 பர்மிங்காம் போட்டிகள் இப்புதிய பிரிவுகளிலேயே நடந்தன. 73 கிலோவில் இந்தியாவின் அச்சிந்தா சூலி 313 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இவ்வாறு, 77 கிலோ பிரிவில் கடைசி இரு பொதுநலவாயத் தங்கங்களும் வேலூர் வீரர் ஒருவரிடமே உள்ளன.