மென்பொருள்: இலாகாவே ஆக்குவதா, வெளியாரிடம் விடுவதா?

ஓர் இலாகா தன் பணிகளைக் கணிப்பொறிக்கு மாற்ற முற்படும்போது, அதற்குரிய மென்பொருளைச் சொந்த நிபுணர்களைக் கொண்டு ஆக்குவதா, வெளி ஸ்தாபனத்திடம் ஒப்பந்தத்தில் விடுவதா என்னும் கேள்வி எழுகிறது. முதற் செலவை மட்டும் கணக்கிட்டு இதற்கு விடை காண்பது தவறாகும். மென்பொருள், கட்டி முடித்தபின் பல்லாண்டு மாறாது நிற்கும் கட்டடத்தைப் போன்றதன்று. விதி மாறுந்தோறும் அதுவும் மாற வேண்டும். ஆகவே, அதை ஆக்குவோர் யார் என்பதைவிடப் பின்னர்த் திருத்துவோர் யார் என்பதே முக்கியமாகும்.

ரயில்வே தரும் சான்று

ரயில் முன்பதிவு வெறும் சீட்டு எழுதும் வேலையன்று. இடைநிலையங்களுக்குரிய ஒதுக்கீடு, சலுகைக் கட்டணம், காத்திருப்போர் பட்டியல், ரத்துச் செய்தால் திருப்பித் தரும் தொகை எனப் பல விதிகள் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு விதி பிழையாகப் பதிந்தால் ஒரே படுக்கை இருவருக்கு ஒதுக்கப்படலாம்.

1985-இல் புதுடில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. ‘இம்ப்ரெஸ்’ எனப்பட்ட அதன் மென்பொருளை, ரயில்வேக்கு வெளியேயிருந்த அரசாங்கக் கம்பெனியான சி.எம்.சி. ஆக்கித் தந்தது. புதிய துறையில் இறங்கும் இலாகாவிற்குத் தேர்ந்த நிபுணர்களின் உதவியை விரைவில் பெற இஃது ஏற்ற வழியாகும். 1986-இல் ரயில்வே அமைச்சகம் ‘கிரிஸ்’ என்னும் தன் சொந்த ஸ்தாபனத்தை நிறுவியது. அது ஆக்கிய ‘கான்சர்ட்’ 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் இயங்கியது. 1999-இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. இதன் பின்னர், 2001-இல் சி.எம்.சி.யின் 51 சதவீதப் பங்குகள் டாட்டா குழுமத்திற்கு விற்கப்பட்டன. 2015-இல் அக்கம்பெனி டி.சி.எஸ்.ஸுடன் இணைந்தது. வெளி ஸ்தாபனம் கைமாறலாம். ரயிலோ நாள்தோறும் ஓட வேண்டும்.

வெளியாரிடம் விடத்தக்கவை

எல்லாவற்றையும் இலாகாவே ஆக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. சம்பளக் கணக்கு, சரக்கிருப்பு போன்ற பொதுவான வேலைகளுக்கு ஆயத்த மென்பொருளே பெரும்பாலும் போதும். பாஸ்போர்ட் சேவைத் திட்டத்தில், 2008-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி டி.சி.எஸ். மென்பொருளையும் சேவை மையங்களின் வசதிகளையும் ஏற்றது. பாஸ்போர்ட் வழங்கும் அதிகாரம் அரசாங்க அலுவலரிடமே நின்றது. வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுத்தல் ஆகாது.

கவனிக்க வேண்டியவை

வெளியாரிடம் விடும்போது, மூலநிரலும் விளக்க ஏடுகளும் இலாகாவைச் சேரும் என்றும், பதிவுகளை வேறு மென்பொருளுக்கு மாற்றத்தக்க வடிவில் தர வேண்டும் என்றும், பராமரிப்புக் காலமும் கட்டணமும் இவை என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுதல் வேண்டும். அம்மென்பொருளை முற்றும் அறிந்த ஊழியர் சிலரேனும் இலாகாவில் இருத்தல் அவசியம்.

சொந்தமாக ஆக்குவதிலும் ஆபத்து உண்டு. எல்லா விவரமும் ஒருவர் மனத்திலேயே இருப்பின், அவர் மாற்றலாகிச் சென்ற மறுநாளே இலாகா தவிக்கும். இதற்குப் பரிகாரம், ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதி வைத்தலே.

எம்முறையைத் தெரிந்தாலும் களப்பணியாளரின் பங்கு இன்றியமையாதது. விதிகளையும், அவற்றிற்கு நடைமுறையிலுள்ள விலக்குகளையும் நன்கறிந்தவர் அவரே. அவற்றை அவர் முன்கூட்டியே எழுதித் தருதல் வேண்டும். பழைய பேரேட்டையும் புதிய மென்பொருளையும் சில காலம் ஒருங்கே நடத்தி, இரண்டின் விடைகளும் ஒத்த பின்னரே பேரேட்டை மூடுதல் நன்று.