எட்டு வாரப் பத்தியம்: குடல் அழற்சியால் வளர்ச்சி குன்றும் பிள்ளைகள்

ஊரில் என்னிடம் கல்வி கற்ற மாணவி ஒருத்தி, இன்று கனடாவில் இரு பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தாள். “ரீச்சர், மகனுக்குப் பதினொரு வயது. தங்கச்சி அவனை விட உயர்ந்திட்டாள். என்ன குடுத்தாலும் உடம்பிலை பிடிக்குதில்லை” என்று விம்மினாள்.

தகப்பனும் உயரம் குறைந்தவர். ஆதலால் இது பரம்பரை என்றே வீட்டார் இரண்டு ஆண்டுகளாகத் தம்மைத் தேற்றிக்கொண்டிருந்தனர். மகனின் வயிற்றுவலியோ, பாடசாலைக்குச் செல்லாதிருக்கக் கூறும் சாட்டாகக் கருதப்பட்டது. உண்மையில் அவனைப் பீடித்திருந்தது ‘குரோன்ஸ்’ எனப்படும் குடல் அழற்சி நோய்.

1932இல் நியூயோர்க்கில் குரோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்கள் இருவரும் விவரித்தமையால் இந்நோய் அப்பெயரைப் பெற்றது. வாயிலிருந்து மலவாசல் வரை உணவுப்பாதையின் எப்பகுதியிலும் இது புண்ணை உண்டாக்கலாம். நமது சமூகம் இதனை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் நடைபெற்று 2015இல் வெளிவந்த ஆய்வு, குடியேறியவர்களிடையே குடல் அழற்சி நோய்கள் குறைவாக இருப்பினும், தென்னாசியாவிலிருந்து வந்தோருக்கு இங்கே பிறந்த பிள்ளைகளை அவை ஏனைய கனேடியப் பிள்ளைகளுக்கு ஒப்பான அளவில் தாக்குகின்றன எனக் காட்டியது. “எங்கள் ஊரில் இப்படியொரு வருத்தம் இல்லையே” என்பது இனிப் பொருந்தாத வாதமாகும்.

வளர்ச்சி ஏன் தடைப்படுகிறது? வலிக்கு அஞ்சிப் பிள்ளை உண்பதைக் குறைத்துக்கொள்கிறது. உண்டதையும் புண்பட்ட குடல் சரிவர உறிஞ்சுவதில்லை. இவற்றுக்கும் மேலாக, அழற்சியால் இரத்தத்தில் கலக்கும் பொருட்கள் வளர்ச்சி ஹோர்மோனின் வேலையைத் தடுத்துவிடுகின்றன. எனவேதான் சத்துணவை அள்ளிக் கொடுத்தாலும் பயனில்லாது போகிறது, பருவமடைதலும் தாமதமாகிறது. எலும்பு வளர்ச்சி முற்றுப்பெற்றபின் இழந்த உயரத்தை மீட்க இயலாது. ஸ்ரீரொயிட் மருந்துகள் அழற்சியைத் தணிக்குமாயினும், நீண்டகாலம் உட்கொண்டால் அவையும் வளர்ச்சியைக் குன்றச் செய்யும்.

இவ்விடத்தில்தான் உணவே மருந்தாகிறது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு வேறு எவ்வுணவுமின்றி, புரதம், கொழுப்பு, மாச்சத்து, விற்றமின்கள் யாவும் அளவாகச் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட சத்துப் பானத்தை மட்டுமே பிள்ளை அருந்தவேண்டும். அருந்த இயலாத பிள்ளைக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் மூலம் அது செலுத்தப்படும். இம்முறையைக் கடைப்பிடிக்கும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ எண்மருக்கு நோய் தணிகின்றது. குடற்புண் ஆறுவதிலும் இது ஸ்ரீரொயிட்டை விட மேம்பட்டது. குரோன்ஸ் நோயால் குடல் அழற்சியுற்ற பிள்ளைகளுக்கு முதற்சிகிச்சையாக இதனையே 2014இல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன. ஆயினும் பெருங்குடலை மட்டும் தாக்கும் ‘அல்சரேற்றிவ் கொலைற்றிஸ்’ என்னும் நோய்க்கு இம்முறை உதவாது.

எழுதுவது எளிது, நமது வீடுகளில் நடத்துவது கடினம். சோறு ஊட்டுவதே அன்பு என்று வாழ்பவர்கள் நாம். “பிள்ளையைப் பட்டினி போட்டோ வைத்தியம் பாக்கிறது?” என்று அம்மம்மா கொதித்தார். இரண்டாம் வாரத்தில் ஒருநாள், எல்லோரும் உறங்கியபின் பருப்பும் சோறும் பிசைந்து பேரனிடம் கொண்டுபோனார். அவன் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்து, “இன்னும் ஆறு கிழமைதான் அம்மம்மா” என்றானாம். தாய் எனக்கு யோசனை கேட்டபோது நான் சொன்னது ஒன்றே: ‘பத்தியம்’ என்று சொல்லிப் பார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் காத்த அந்தக் கிழவிக்கு அச்சொல் விளங்கியது. அதன்பின் பானத்தை நேரம் தவறாது குளிரவைத்துக் கொடுத்தவர் அவரே. வீட்டார் அவன் கண்முன் உண்பதைத் தவிர்த்தனர்.

மூன்றாம் வாரத்தில் வலி நின்றது. நிறை ஏறத் தொடங்கியது. உயரம் கூடுவதற்கோ பல மாதங்கள் பிடித்தன. நோய் தணிந்தபின்னும் அது மீளாதிருக்க மருந்து தொடர்ந்தது. பானம் நோயை அடியோடு நீக்குவதில்லை என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. இதனைத் தாமாகவே வாங்கித் தொடங்குவதும் தவறு. மிகவும் மெலிந்த பிள்ளைக்குத் திடீரெனச் சத்து ஏற்றினால் இரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எட்டு வாரம் தாங்க இயலாதோருக்கு இன்னொரு வழியும் உண்டு. பானத்தைப் பாதியாக்கி, தெரிந்தெடுத்த உணவுகளையும் சேர்த்துக் கொடுக்கும் முறை நற்பயன் தருவதாக 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாலுணவும் கோதுமையும் பொதிசெய்த உணவுகளும் அதில் விலக்கு. கோழியிறைச்சி, முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் வெள்ளைச் சோற்றுக்கும் இடமுண்டு.

பெற்றோரே, ஆறு மாதத்துக்கொருமுறை கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைத் திகதியுடன் குறித்து வையுங்கள். கோடு நகராவிடினும், வயிற்றுவலி, வயிற்றோட்டம், காரணமற்ற காய்ச்சல், இரத்தசோகை, வாய்ப்புண், மலவாசற் புண் என்பன தொடரினும் அக்குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள். மலத்தில் ‘கல்புரொட்டெக்ரின்’ பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஆங்கிலம் தடையெனில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். தன் நோயைத் தானே மொழிபெயர்க்கும் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். தாய் அழுவாள் என்றஞ்சிப் பாதியை அது மறைத்துவிடும். என் மாணவியின் மகன் அப்படித்தான் ஓராண்டை இழந்தான்.