இன்ஜெக்டர் பழுதும் உத்தரவாதப் புத்தகமும்



ஒரு காலத்தில் நம் லயத்து வீடுகளின் முன்னால் சைக்கிள் நின்றது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கம் போனால், தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வீட்டு வாசலிலும், இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களின் வீட்டு வாசலிலும் பிக்கப் லோரிகள் நிற்பதைப் பார்க்கிறோம். வாழைத்தார், தேங்காய், மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டு அண்டா குண்டா, எல்லாம் அதில்தான் போகிறது. பலருக்கு அது வாகனம் மட்டுமல்ல, இரண்டாவது சம்பளமும் அதுதான். ஆகவே அந்த வண்டியின் ஒரு சிறு உறுப்பைப் பற்றியும், அது கெட்டுப்போனால் யார் செலவில் சரிசெய்வது என்பதைப் பற்றியும் இன்று பேசலாம் என்று எண்ணுகிறோம்.

அந்த உறுப்பின் பெயர் இன்ஜெக்டர். டீசலை இயந்திரத்துக்குள் பீய்ச்சுகிற குழாய் என்று சொன்னால் போதும். நான்கு சிலிண்டர் உள்ள பிக்கப்பில் நான்கு இருக்கும். பழைய லோரிகளில் இருந்த இன்ஜெக்டர் ஓர் எளிய சாமான். பம்ப் தள்ளும் டீசல் உள்ளே இருக்கும் சுருள்கம்பியை அழுத்தித் திறந்து பாயும். கொஞ்சம் அழுக்கு வந்தாலும் தாங்கிக்கொள்ளும். பட்டறைக்காரர் கழற்றித் துடைத்து, ஊசிமுனையை மாற்றி, மீண்டும் பூட்டிக் கொடுத்துவிடுவார்.

1990களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ‘காமன் ரெயில்’ என்ற முறை கார்களுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிக்கப்புகளுக்கும் வந்தது. இதில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு தடித்த குழாயில் டீசல் பேரழுத்தத்துடன் காத்திருக்கும். எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்பதைக் கணினி மின்சாரத்தால் கட்டளையிடும். அழுத்தம் எவ்வளவு என்கிறீர்கள்? உங்கள் வண்டிச் சக்கரத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காமன் ரெயில் குழாயில் 23,000 பவுண்டுக்கு மேல் போகும். ஏறக்குறைய எழுநூற்று ஐம்பது மடங்கு! சில வண்டிகளில் இன்னும் அதிகம். அந்த டீசல் வெளியேறும் துளையோ தலைமயிர் அளவுதான். இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வோர் இன்ஜெக்டரும் வினாடிக்குப் பதினாறு தடவைக்குக் குறையாமல் திறந்து மூட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறோம். இயந்திரம் ஓடும்போது இந்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவ்வளவு நுட்பமான சாமானுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று தூசி, மற்றொன்று தண்ணீர். இரண்டும் நம் தோட்டப் புறத்தில் தாராளமாக உண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பலர் வியக்கிறார்கள். பாதி காலியான டீசல் பீப்பாயைக் கொட்டகையில் வைத்திருந்தால், உள்ளே புகுந்த ஈரக்காற்று இரவுக் குளிரில் வியர்த்து, பீப்பாயின் உட்சுவரில் துளித்துளியாக இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, ஆகவே அடியில் தங்கும். இன்னொரு செய்தியும் உண்டு. நம் நாட்டு டீசலில் 7 அல்லது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. நாம் வெட்டி இறக்கிய குலையே நம் வண்டிக்குள் திரும்பி வருகிறது என்று பெருமைப்படலாம்! ஆனால் இந்தத் தாவர எரிபொருள் சாதாரண டீசலைவிடச் சற்று அதிகமாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிலையத்தில் புதிதாக வாங்கி ஓட்டுபவருக்கு இதனால் தொல்லை இல்லை. மாதக்கணக்கில் பீப்பாயில் வைத்திருப்பவருக்குத்தான் தொல்லை.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு, ‘மலிவான டீசல் இருக்கிறது, பீப்பாயில் தருகிறேன்’ என்று காதில் ஓதுபவர்களிடம் வாங்கலாமா என்ற ஆசை எழுவது இயற்கை. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. லிட்டருக்கு ஒரு வெள்ளி மிச்சப்படுத்தப் போய் நான்கு இன்ஜெக்டரையும் பறிகொடுத்தால் கணக்கு எங்கே நேராகும்? ஒரு புது இன்ஜெக்டர் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவதுண்டு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான்.

பழுதை எப்படி அறிவது? காலையில் முதல் தடவை நெடுநேரம் சுற்றிய பிறகே கிளம்பும். நின்றபடி ஓடும்போது உடம்பு நடுங்குவதுபோல் வண்டி குலுங்கும். டக் டக் என்று சுத்தியால் அடிப்பதுபோன்ற ஓசை வரும். பின்னால் வெள்ளைப் புகையோ கரும்புகையோ கிளம்பும். எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி எண்ணெய்க் கம்பியில் தெரியும். என்ஜின் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், அதை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். கசியும் டீசல் எண்ணெயை நீர்க்கச் செய்து, இயந்திரம் முழுவதையும் தின்றுவிடும். பட்டறையில் ஒரு நல்ல சோதனை உண்டு. ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலை நான்கு கண்ணாடிக் குப்பிகளில் பிடிப்பார்கள். எந்தக் குப்பி மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அதற்குரியது தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். ஒன்றுக்காக நான்கையும் மாற்றச் சொன்னால் ஏன் என்றும் கேளுங்கள்.

இனி உத்தரவாதத்துக்கு வருவோம். நிபோங் திபால் பக்கம் ஒரு குடும்பம், தவணையில் புதுப் பிக்கப் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை, இன்ஜெக்டர் போய்விட்டது. பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுனில் உள்ள விற்பனை நிலையத்துக்கு வண்டியை இழுத்துப் போகிறார்கள். (பழைய காலத்தைப்போல் பெரியில் ஏற்றலாம் என்று எண்ணவேண்டாம். இப்போதுள்ள பெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான் ஏறலாம்.) கவுண்டரில் இருப்பவர் நம் பையன்தான். “அண்ணே, டீசல்ல தண்ணி கலந்திருக்கு. அதுக்கு வாரண்டி கிடையாது. நாலாயிரம் கட்டுங்க” என்கிறார். கணவர் வாயடைத்து நிற்கிறார். மனைவி கேட்கிறார்: “தம்பி, அந்தத் தண்ணியை எங்க கண்ணுல காட்டு. பில்டர்ல இருந்து எடுத்துக் குப்பியில ஊத்திக் காட்டு. தண்ணின்னு நீ சொல்றதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.”

அந்த அம்மாள் கேட்டது மிகச் சரியான கேள்வி. எரிபொருள் அசுத்தத்தால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பல உத்தரவாதப் புத்தகங்களில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அசுத்தம் இருந்ததா என்பது சொல்லால் முடிவாகிற காரியமல்ல. டீசலை வெளிச்சத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஓர் இரவு வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். கழற்றிய இன்ஜெக்டரில் துரு இருந்தால் தெரியும். துருவும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் குற்றம் சாமானில் இருக்கலாம். ஆகவே பழைய இன்ஜெக்டர்களை எறிய விடாதீர்கள். உத்தரவாதத்தில் மாற்றினால் அவற்றை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், அது முறை. உங்கள் பணத்தில் மாற்றினால் அவை உங்கள் சொத்து, கேட்டு வாங்குங்கள்.

புத்தகத்தில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டர் என்று இருந்தால், எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்துவிடும். தினமும் ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றுபவருக்கு ஐந்து ஆண்டு என்பது வெறும் பேச்சு. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாதது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியது, வேகத்துக்காகக் கணினியை மாற்றியது, இவையும் மறுப்புக்குக் காரணமாகும். கடைசியாகச் சொன்னது இளைஞர்களின் காதில் விழட்டும். சர்வீஸ் ரசீதுகளையும் டீசல் ரசீதுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். வீட்டில் இந்தப் பொறுப்பைத் தாய்மார்கள் எடுத்துக்கொண்டால் ஒரு தாளும் தொலையாது என்பது எங்கள் எண்ணம்.

உத்தரவாதத்தில் எழுதியிருப்பதற்கு அப்பாலும் நமக்கு உரிமை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதன் பொருள், அது வேலைக்குப் பொருந்த வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதே. இந்த உரிமையை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கிப் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. வியாபாரியிடம் வாங்கிய பழைய வண்டிக்கும் இது உண்டு. ஆனால் விலையையும் வயதையும் பார்த்தே தரம் அளக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 2001 முதல் 2004 வரை விற்ற செவ்ரலே, ஜி.எம்.சி. பெரிய பிக்கப்புகளில் டூராமேக்ஸ் என்ற டீசல் இயந்திரம் இருந்தது. ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானின் இசுசுவும் சேர்ந்து ஒஹையோ மாநிலத்தில் செய்தது. அதன் எட்டு இன்ஜெக்டர்களும் மேல்மூடிக்கு அடியில் இருந்தன. கசிந்தால் டீசல் நேரே எண்ணெயில் கலந்தது. மாற்றவும் பல மணி நேர வேலை. ஆயிரக்கணக்கான மைல் ஓடிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இதே நோயோடு வந்தபோது, நிறுவனமே அந்த இன்ஜெக்டர்களுக்கு மட்டும் உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 200,000 மைல் என்று நீட்டியது. அதாவது 320,000 கிலோமீட்டர்! ஒருவர் முறையிட்டால் அது அவர் வண்டியின் தலைவிதி. பலர் முறையிட்டால் அது தயாரிப்பின் குறை. ஆகவே இதே வகை வண்டி வைத்திருக்கும் மற்றவர்களையும் விசாரித்து வையுங்கள்.

விற்பனை நிலையம் மசியவில்லை என்றால், முதலில் எழுத்தில் முறையிட்டு, சரிசெய்ய நியாயமான நாள் கொடுங்கள். பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பினாங்கிலும் அது விசாரணை நடத்துகிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வர முடியாது. நாமே பேச வேண்டும், எதிர்த்தரப்பும் அப்படியே. ஒன்றைக் கவனியுங்கள். இது வீட்டு உபயோகத்துக்குச் சாதாரணமாக வாங்கும் பொருள்களுக்கான மன்றம். கம்பெனிப் பெயரில் முழுக்க வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்றால் ஆட்சேபம் எழக்கூடும். அப்படிப்பட்டவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். தமிழில் பேசினாலும் காது கொடுப்பார்கள்.

கோபத்தில் ஒரு காரியம் செய்துவிடாதீர்கள். ‘வண்டி ஓடவில்லை, தவணையும் கட்டமாட்டேன்’ என்று நிறுத்துகிறார்களே, அது ஆபத்து. தவணைக் கணக்கு நிதி நிறுவனத்தோடு, பழுதுக் கணக்கு விற்றவரோடு. இரண்டையும் கலந்தால், நியாயம் நம் பக்கம் இருக்கும்போதே வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கிருந்தாவது புரட்டித் தவணையைக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துங்கள்.

விசாரணை நாளன்று வாங்கிய ஒப்பந்தம், உத்தரவாதப் புத்தகம், பிஸ்கட் டின்னில் உள்ள ரசீதுகள், எழுதிய கடிதத்தின் நகல், பட்டறை கொடுத்த மதிப்பீடு, கைவசம் இருந்தால் அந்தப் பழைய இன்ஜெக்டர்கள், டீசல் குப்பி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். குப்பியின் மேல் எடுத்த தேதியை ஒட்டியிருக்க வேண்டும். மலாயில் பேசத் தயங்குபவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதை மனுக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.