தீராத ரத்தசோகையா? கோதுமையும் காரணமாகலாம்!

கோதுமை நல்ல உணவுதான். ஆனால் 'சீலியாக்' நோய் உள்ளவர்களுக்கு அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகவே ஆகாது. சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் என்று அறிவியலில் படிச்சோமே, அவை தேய்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு இல்லாமலும் இது வரும். அறிகுறிகள்:

* இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை
* எப்பவும் அசதி
* அடிக்கடி வாய்ப்புண்
* எலும்பு பலவீனம்
* முழங்கை, முழங்காலில் அரிக்கும் கொப்புளம்

வட இந்தியாவில் அதிகம். நம்ம பக்கம் குறைவு. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது!

ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் தெரியாமல் போகலாம். உறுதியானால் சப்பாத்தி, பரோட்டா, ரவை வாழ்நாள் முழுக்க வேண்டாம். சோறு, கேழ்வரகு, கம்பு சாப்பிடலாம். பல பெருங்காயத் தூளில்கூட கோதுமை மாவு இருக்கும். பாக்கெட்டைப் படிச்சுப் பாருங்க!

- 9ஆம் வகுப்பு மாணவி