ஆயிரம் பைட் கேட்டா 192 மட்டும் ஏன் வருது?

இன்னைக்கு என் சொந்த சொதப்பல்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. வேறொரு சிஸ்டத்துல இருந்து வர்ற ஃபைலை வாங்கிச் சேமிக்கிற ஒரு ஜாவா புரோகிராம் எழுதினேன். ஃபைல் சைஸுக்கு ஒரு அர்ரே, அதுக்குள்ள ஒரே ஒரு ரீட். லேப்டாப்ல அருமையா ஓடுச்சு. சர்வர்ல போட்டதும் பெரிய ஃபைல்கள் எல்லாம் முன்பாதி டேட்டா, பின்பாதி வெறும் பூஜ்ஜியம். எர்ரர் ஒண்ணுமே இல்ல, சைஸும் சரியா இருந்துச்சு. வாங்கினதும் மூலத்தை அழிச்சிடற மாதிரி வேற எழுதி வச்சிருந்தேன். போனது போனதுதான்.

தப்பு எங்கேன்னா, ரீட் கிட்ட நாம சொல்ற எண்ணை நான் 'இவ்வளவு கொடு'ன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதோட அர்த்தம் 'அதிகபட்சம் இவ்வளவு'. உண்மையில எவ்வளவு வந்துச்சுங்கறதை அது திருப்பிச் சொல்லும். நான் அதைப் பார்க்கவே இல்ல. கடையில ஒரு கிலோ கேட்டு, கையில இருக்கற அறுநூறு கிராமைக் கடைக்காரர் கொடுத்தா, சரக்கு தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மூட்டை வந்துட்டே இருக்கலாம். தீர்ந்ததுக்குத் தனிச் சொல் உண்டு: யூனிக்ஸ் ரீட்ல 0, ஜாவால மைனஸ் 1.

சரி, 'பஃபர் போட்டுட்டா இந்தப் பிரச்சினை வராதே?' வரும். ஜாவாவோட பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீம் வழக்கமா 8192 பைட் பஃபர் வச்சிருக்கும். அது முழுசா நிறைஞ்சிருக்கு, நாம ஆயிரம் ஆயிரமா எடுக்கறோம்னு வைங்க. எட்டுத் தடவை சரியா வரும். ஒன்பதாவது தடவை மிச்சம் 192 தான். அப்போ அது கீழே இருக்கற ஸ்ட்ரீமைப் பார்த்து 'காத்திருக்காம இப்பவே ஏதாவது கிடைக்குமா?'ன்னு கேட்கும். டிஸ்க்ல இருக்கற ஃபைல்னா 'ஆமா'ன்னு பதில் வரும், ஆயிரமும் நிரம்பிடும். நெட்வொர்க்னா அடுத்த பாக்கெட் இன்னும் வழியில இருக்கலாம். உடனே 192-ஐக் கையில கொடுத்து அனுப்பிடும். லேப்டாப்ல ஓடினது சர்வர்ல படுத்ததும் இதே குணத்தாலதான்.

சி-ல எஃப்ரீட் கொஞ்சம் சமத்து. கேட்டது முழுசா வரும் வரை அதுவே திரும்பத் திரும்பப் படிக்கும். குறைஞ்சா ஃபைல் முடிஞ்சது, இல்லன்னா எர்ரர். ஆனா விண்டோஸ்ல டெக்ஸ்ட் மோடுல திறந்தீங்கன்னா வேற கூத்து. வரி முடிவுல இருக்கற 13, 10 ரெண்டு பைட்டும் ஒரே 10 ஆயிடும். 26-ங்கற பைட் வந்தா, 'ஃபைல் முடிஞ்சது'ன்னு நின்னுடும். டாஸ் காலத்துப் பழக்கம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பிஎன்ஜி படங்களோட முதல் எட்டு பைட்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவுல 13, 10, 26 இருக்கறது தற்செயல் இல்ல. யாராவது படத்தை டெக்ஸ்ட்னு நினைச்சுக் கையாண்டா முதல் எட்டுலயே மாட்டிக்கட்டும்னு வேணும்னே வச்சாங்க. டெக்ஸ்ட் மோடுல எட்டு பைட் கேட்டா அஞ்சுதான் வரும். எண்ணிப் பாருங்க.

அனுபவசாலிகளும் இதுல விழுந்திருக்காங்க. டாட்நெட் 6-ல ஜிஜிப்ஸ்ட்ரீம், கிரிப்டோஸ்ட்ரீம் மாதிரி சிலது, முழுசா சேர்ற வரைக்கும் காத்திருக்காம, கிடைச்சதை உடனே கொடுக்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி கேட்டது முழுசா வந்துட்டு இருந்ததால யாரும் எண்ணிக்கையைப் பார்க்கல. வருஷக்கணக்கா ஓடின கோடெல்லாம் அப்டேட் பண்ணதும் உடைஞ்சுது. அடுத்து டாட்நெட் 7-ல ரீட்எக்ஸாக்ட்லி வந்துச்சு.

அதே வேலைக்கு ஜாவால டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமோட ரீட்ஃபுல்லி, கோ-ல ஐஓ.ரீட்ஃபுல், ரஸ்ட்ல ரீட்_எக்ஸாக்ட். எதுவும் இல்லன்னா ஒரு லூப் போடுங்க: வந்ததைக் கூட்டுங்க, மிச்சத்தைக் கேளுங்க, முடிவு வந்தா நிறுத்துங்க. நான் அன்னைக்குச் சேர்த்தது அந்த நாலு வரியைத்தான். கூடவே, சரிபார்க்காம மூலத்தை அழிக்கற வரியை எடுத்துட்டேன்.