வாவிக்கரை வகுப்பறை – 17: தாமரை மூடும் நேரம்

சாமத்திய வீடு, தலைக்குத் தண்ணி வார்த்தது, குரவை, கட்டாடி கொண்டுவந்த வெள்ளை எல்லாம் போன இரண்டு கிழமையும் எழுதியாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். பெரிய பிள்ளையான மகளுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற வீடு, அவளுடைய உடம்பில் நடந்தது என்னவென்று ஒரு சொல் கொடுப்பதில்லை என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

இந்தக் கிழமை ஏழாம் தரத்துப் புத்தகத்தின் கதையைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். சொல்கிறேன். ஆனால் செவ்வாய் இரவு பழைய குறிப்புக் கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சில ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. மூன்று நாளாக அதே நினைப்பு. நாளைக் காலை இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். அதை எழுதாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்து சேர்ந்தது 1814. அடுத்த ஆண்டே இங்கேயே இறந்துபோனார். அவர் தொடக்கிவைத்த பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பள்ளிக்கூடம் தொடங்கிய அந்த ஆண்டில், பாலூட்டி இனத்துப் பெண்ணின் உடலுக்குள் முட்டை என்று ஒன்று இருப்பதை உலகத்தில் ஒருவருமே கண்ணால் கண்டதில்லை. கார்ல் எர்ன்ஸ்ட் வொன் பேர் என்பவர் நுண்நோக்கிக்குக் கீழே அதை முதன்முதல் பார்த்தது 1827இல். அதுவும் ஒரு நாயின் சூலகத்தில். அந்த நாய் அவருடன் வேலைபார்த்த பேராசிரியர் ஒருவரின் வீட்டு வளர்ப்பு. அதாவது, எங்கள் புளியந்தீவில் பள்ளிக்கூட மணி அடிக்கத் தொடங்கிப் பதின்மூன்று வருடம் கழித்துத்தான் உலகம் அந்த முட்டையைக் கண்டது. வின்சன்ற் மகளிர் பாடசாலை 1820. முட்டையைக் கண்டுபிடிப்பதற்கு ஏழு வருடம் முந்தியே அங்கே பெண்பிள்ளைகள் சிலேற்றுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873. ஆணின் உயிரணு முட்டைக்குள் போய் இரண்டு கருவும் ஒன்றாகக் கலப்பதை ஒஸ்கார் ஹேர்ட்விக் கண்டு சொன்னது 1876. அவர் பார்த்தது மனிதரில் இல்லை, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டு கிடக்கும் ஒரு கடலுயிரில். விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தது 1929. அதற்கு ஐந்தே ஐந்து வருடம் முன்னர், 1924இல்தான், பெண்ணின் உடலில் முட்டை எந்த நாளில் வெளிவருகிறது என்பதை ஜப்பானில் நீகாத்தா என்ற ஊரின் வைத்தியசாலை ஒன்றில் வேலைசெய்த கியூசாக்கு ஒகினோ கணக்கிட்டுச் சொன்னார். ஒஸ்திரியாவின் ஹேர்மன் குனாவுஸ் தன் வழியில் அதே முடிவுக்கு வந்தது 1928இல்.

இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். வாவிக்கரைப் பள்ளிக்கூடங்கள் பல, மனிதப் பிறப்பைப் பற்றிய அறிவைவிட வயதில் மூத்தவை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், பாலியல் கல்வி என்று வாயெடுத்த இடமெல்லாம் எனக்குக் கிடைத்த மறுமொழி ஒன்றுதான். படுவான்கரையிலும் கேட்டேன், எழுவான்கரையிலும் கேட்டேன். "என்னகா புள்ள, நாங்கெல்லாம் படிச்சிட்டா புள்ள பெத்தம்? அதெல்லாம் தானாத் தெரியும்." கோபத்தில் சொல்வதில்லை. வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்காக இரக்கப்படுகிற குரலில் சொல்வார்கள். என் அம்மம்மாவும் அப்படித்தான் சொன்னா.

தானாகத் தெரியும் என்றால், அது முதலில் வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சுசுருத சங்கிதையில் ஒரு உவமை உண்டு. பகல் முடிகையில் தாமரை இதழ் மூடுவதுபோல், உரிய காலம் கழிந்ததும் பெண்ணின் கருப்பை மூடிக்கொள்ளும் என்று. உரிய காலம் என்று அந்த நூல் கொடுப்பது பன்னிரண்டு இரவு. அழகான உவமை. எங்கள் ஊர்க் குளங்களில் பின்னேரம் தாமரை கூம்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வரியை வாசித்த அன்று வேறொன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் கணக்குப் பிழை. இருபத்தெட்டு நாள் சுற்றுள்ள ஒரு பெண்ணுக்கு முட்டை வெளிவருவது ஏறக்குறையப் பதினான்காம் நாள். தாமரை கூம்பிவிட்டது என்று நூல் சொன்ன பிறகுதான் முட்டையே வருகிறது.

அம்மம்மாவின் கணக்கும் அந்தத் தாமரைக் கணக்குத்தான். குளித்து முழுகி வந்த அடுத்த நாட்களே பிள்ளை தங்கும் நாட்கள், மறுகா பயமில்லை என்பா. அவ சுசுருதரை வாசித்ததில்லை. அவவுக்கு அவவின் தாய் சொன்னது.

ஐரோப்பியர் எங்களைவிடச் சரியாக இருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்பெற்ற வைத்தியர்களே மாதவிடாய் நாட்களை ஒட்டித்தான் கரு தங்கும் என்று எழுதினார்கள். நாயைப் பார்த்து எடுத்த முடிவு அது. பெட்டை நாய்க்கு இரத்தம் படுகிற காலமும் சேரும் காலமும் அடுத்தடுத்து வருவதால், மனிதப் பெண்ணுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளை வேண்டாமென்று நினைத்த தம்பதிகள் மாதத்தின் நடுப்பகுதியைப் பாதுகாப்பான நாட்கள் என்று நம்பிப் படுத்தார்கள். எத்தனை தாய்மார் அந்தப் பிழையைச் சுமந்து பெற்றிருப்பார்கள்.

ஒகினோ செய்தது எளிய காரியம் போலத் தெரியும். சத்திரசிகிச்சைக்கு வந்த பெண்களின் சூலகங்களை நேரில் பார்த்தார். அவர்களிடமே மாதவிடாய்த் திகதிகளைக் கேட்டுக் குறித்தார். எல்லோரும் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். பன்னிரண்டிலிருந்து பதினாறு நாள் முன்னர் என்று விடை வந்தது. இப்படிப் பின்னோக்கி எண்ணலாம் என்று ஒரு வைத்தியருக்குத் தோன்ற 1924 வரை ஆகியிருக்கிறது! அவருடைய கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்தியபோது, அதற்கு அது நம்பத்தக்கதல்ல என்று அவரே எதிர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன விந்து ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இளம் வயதில் சுற்று ஒழுங்காகவும் வராது. நாள் எண்ணுவது காவல் இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். வகுப்பின் மூலையில் பழைய பால்மா டின் ஒன்றை வைத்து, மூடியில் கீறல் போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி போடுங்கள் என்று சொல்வேன். முதல் மாதம் காலியாகவே கிடக்கும். பிறகு மெல்ல மெல்லத் துண்டுகள் விழும். அவற்றில் இரண்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்று நீல மையில், சாய்ந்த எழுத்தில்: "இன்னும் பெரிய பிள்ளை ஆகாட்டி பிள்ளை தங்காதுதானே?" இந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்கு ஏன் வந்தது என்று அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை. தங்கலாம். முதல் மாதவிடாய்க்கு முன்னரே முட்டை வெளிவந்துவிட முடியும். இந்த ஒரு வரியை எந்த வீடும் சொல்லிக் கொடுக்காது, ஏனென்றால் வீட்டுக்கே தெரியாது. மற்றத் துண்டு ஒரு பையனுடையது. நித்திரையில் தனக்கு நடப்பதை எழுதிவிட்டுக் கீழே கேட்டிருந்தான்: "இது வருத்தமா ரீச்சர்?" வருத்தமில்லை மகன், வளர்ச்சி என்று முழு வகுப்புக்கும் பொதுவாகச் சொன்னேன். பின்வாங்கில் யாரோ நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

பெண்பிள்ளைகளை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்பிள்ளைகளைக் கிரிக்கெட் விளையாட அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தப் பையனின் கேள்விக்கு மைதானத்தில் யார் பதில் சொல்வார்கள்?

சரி, பாடத்திட்டம். எங்கள் நாட்டில் பாலியல் கல்வி என்ற பெயரில் தனிப் பாடம் கிடையாது. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்ற பாடம் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை எல்லோருக்கும் உண்டு. கட்டிளம் பருவ மாற்றங்கள் அதற்குள் வருகின்றன. விஞ்ஞானத்தில் இனப்பெருக்கத் தொகுதியின் படம் வரும். பத்தாம் தரத்துக்கு வந்ததும் சுகாதாரம் தெரிவுப் பாடமாகிவிடுகிறது; தகவல் தொழில்நுட்பத்தையோ மனைப்பொருளியலையோ எடுத்த பிள்ளைக்கு அதோடு சரி. மிகத் தேவையான வயதில் பாடம் கைவிட்டுப் போகிறது. சுவீடன் 1955இலேயே இதைப் பாடசாலைகளுக்குக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரிலிருந்து இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கட்டாயம். எங்களிடம் இருக்கிற அந்தச் சில பக்கங்களும், வகுப்பில் எத்தனை இடத்தில் வாசிக்கப்படுகின்றன? "இதை வீட்ட போய் வாசிங்க" என்று தாளைப் புரட்டுகிற ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. நாளை ஒரு தகப்பன் வாசலில் வந்து நின்றால் அவருக்குத் துணையாக யாரும் வரப்போவதுமில்லை.

சொல் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னைக்குப் போய், விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்வதற்கான கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். கருப்பை, சூலகம், மாதவிடாய் எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். வகுப்பில் உரத்துச் சொல்லிப் பழகினால் மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிடும். நான் கண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. 2017இலிருந்து ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம். அருமையான காரியம், வாவிக்கரையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். அந்த வைரஸ் பாலுறவால் தொற்றுவது. ஊசிக்கு வரிசையில் நிற்கும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, "ஏன் எங்களுக்கு மட்டும்?" என்று கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இல்லையே. கருப்பை என்ற சொல்லையே சொல்லாத பாடசாலையில், "கான்சர் வராமல்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அரசாங்கத்தின் ஒரு கை ஊசி போடுகிறது, மற்றக் கை புத்தகத்தை மூடுகிறது.

மூடிய புத்தகம் என்றுதான் ஏழாம் தரத்துக்கு வருகிறேன். 'ஹதே அபே பொத', ஏழில் எங்கள் புத்தகம். ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றிச் சொல்வதற்காகச் சிங்களத்தில் தயாரித்த துணைநூல். பிக்குமார் சிலர் எதிர்த்தார்கள்; விநியோகம் நின்றது. நின்றதோடு விஷயம் முடியவில்லை. 2025இல் கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழுந்தபோது அதே வாதம் திரும்பவும் வந்தது, இம்முறை கத்தோலிக்க பீடத்திலிருந்தும். பன்சாலையும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு அரிது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். அவர்கள் பயப்படுவது எதற்கு என்பதை மரியாதையோடு கேட்டு எழுத வேண்டும்; கேட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு முழுக் கிழமை வேண்டும்.

அதற்கு முன் ஒரு துண்டு. பால்மா டின்னிலிருந்து கடைசியாக எடுத்தது, நான் ஓய்வுபெற்ற வருடம். சிவப்பு மையில், கொப்பித் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதியிருந்தாள்: "பதினாறு வயசு எண்டு சட்டம் சொல்லுது. கலியாணத்துக்குப் பதினெட்டு எண்டு சொல்லுது. என்ட கூட்டாளிக்குப் பதினைஞ்சில நிக்காஹ் முடிஞ்சிட்டு. அதுவும் சட்டம் எண்டுறாங்க. எது சரி ரீச்சர்?"

பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயதைப் பதினாறாக்கி 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவை, அதே ஆண்டில் திருமண வயதைப் பதினெட்டாக்கிய பொதுச் சட்டம், குறைந்தபட்ச வயதே குறிப்பிடாத 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மூன்றையும் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அன்று நான் கொடுத்த பதில் அரைகுறையானது. அடுத்த கிழமை முழுதாக.

(தொடரும்)