நல்லாத்தானே பேசுறீங்க!

முப்பது, நாற்பது வயதில் ஒருவர் தனக்கு ஆட்டிசம் இருப்பதாக வெளியே சொன்னால், பெரும்பாலும் அவர் முதலில் கேட்கும் பதில் இதுதான்: “பார்த்தா அப்படித் தெரியலையே, நல்லாத்தானே பேசுறீங்க!” சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்ற முடிவும் அந்த ஆறுதலுக்குள் இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளின் ஆய்வுகள் இந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. தெரியாமல் இருப்பதற்காக அந்த மனிதர் ஓயாமல் உழைக்கிறார். அந்த உழைப்பு அவர் உடம்பையும் மனத்தையும் அரிக்கிறது. அவரை அப்படி உழைக்க வைக்கும் காரணத்தில் பெரும்பங்கு அவருக்கு வெளியே, பார்க்கும் நம்மிடம் இருக்கிறது.

‘மாஸ்கிங்’ என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த மறைப்பைப் பற்றி லாரா ஹல் உள்ளிட்ட பிரிட்டன் ஆய்வாளர்கள் 2017இல் ஆட்டிச நிலையில் உள்ள 92 பெரியவர்களிடம் விரிவாகக் கேட்டார்கள். அவர்கள் சொன்னவற்றை ஓர் அலுவலகத்தின் தேநீர் இடைவேளையில் பொருத்திப் பார்க்கலாம். எதிரில் நிற்பவரின் கண்ணை நேராகப் பார்க்க முடியாததால் புருவங்களுக்கு நடுவே பார்வையை நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது விலக்க வேண்டும் என்று மனத்துக்குள் கணக்கிட வேண்டும். வார இறுதி எப்படிப் போனது என்ற கேள்விக்கு முந்தின இரவே பதில் தயாராகியிருக்க வேண்டும். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கும் நொடியைக் கவனித்துத் தானும் சிரிக்க வேண்டும். கைகளை உதறினால் பதற்றம் தணியும். ஆனால் உதறக் கூடாது, சட்டைப்பைக்குள் விரல்களைத் தேய்த்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். தலைக்கு மேல் மினுக்கும் டியூப் லைட் கண்ணைக் குத்தும்போதும் முகம் சுளிக்கக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் பேச்சும் காதில் விழ வேண்டும். பத்து நிமிடத் தேநீர் மற்றவர்களுக்கு ஓய்வு, இவருக்கோ அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை. இதே குழு 2019இல் 25 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கியது. கற்றுக்கொண்ட உத்திகளால் ஈடுசெய்வது, இயல்பை மறைப்பது, கூட்டத்தோடு ஒன்றிவிட நடிப்பது என மறைப்பின் மூன்று முகங்களை அது தனித்தனியே அளக்கிறது.

இந்த உழைப்பின் விலை வெறும் களைப்போடு முடிவதில்லை. சாரா கேசிடி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிச நிலையில் உள்ள 164 பெரியவர்களிடம் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புள்ள காரணிகளைத் தேடியபோது, மறைப்பும் கிடைக்காமல் போன உதவியும் அவற்றில் இருந்தன. அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் குழுவினர் 2020இல் ஆராய்ந்த ‘ஆட்டிச எரிசோர்வு’ இதன் இன்னொரு வடிவம். நீண்ட நாள் சோர்வு, இருந்த திறன்களை இழப்பது, ஒலியையும் ஒளியையும் தாங்க முடியாமல் போவது ஆகியவற்றை அதன் அடையாளங்களாக அவர்கள் கண்டார்கள். நேற்றுவரை செய்த சமையலையோ, தொலைபேசிப் பேச்சையோ இன்று செய்ய முடியாமல் ஒருவர் முடங்கிப்போகும்போது, “நல்லா இருந்தவருக்குத் திடீர்னு என்ன ஆச்சு?” என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அது திடீரென்று வந்ததல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். யார்தான் நடிக்கவில்லை? மாமியார் வீட்டில் ஒரு முகம், மேலாளர் முன் ஒரு முகம் என்று எல்லோரும்தானே வாழ்கிறோம்? சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1959லேயே அன்றாட வாழ்வை மேடையாகக் கண்டு ஒரு நூல் எழுதினார். ஆட்டிச நிலையில் உள்ளோரையும் இல்லாதோரையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஓர் ஆய்வும், மறைப்பின் பல அனுபவங்கள் இரு தரப்புக்கும் பொதுவானவை என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் புலன்களின் வேதனையை அடக்கிக்கொள்வது ஆட்டிச நிலையில் உள்ளோரிடமே தனித்துத் தெரிந்தது. மேலாளர் முன் நாம் அடக்குவது ஒரு கருத்தை, ஒரு கோபத்தை. இவர்கள் அடக்குவது கேட்கும் விதத்தை, பார்க்கும் விதத்தை, உடல் அசையும் விதத்தை. நமக்குப் பழக்கத்தில் தானாக வருவதை இவர்கள் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நம் நடிப்பு முடிந்துவிடும். குடும்பத்திலும் புரிதல் இல்லாதவர்களுக்கு அது அங்கேயும் தொடரும்.

அப்படியானால் ஏன் மறைக்க வேண்டும்? இதற்கான விடையை நோவா சாஸன் குழுவினர் 2017இல் செய்த பரிசோதனைகளில் காணலாம். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக முக்கியமான சான்று அதுதான். ஆட்டிச நிலையில் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சிறு ஒளிப்பதிவுகளை, யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லாமல், பிறரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். சில நொடிகளிலேயே ஆட்டிச நிலையில் உள்ளவர்கள் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். அவர்களோடு பேசவும் பழகவும் பார்த்தவர்கள் தயங்கினார்கள். குரலை மட்டும் கேட்டபோதும், அசையாப் படத்தை மட்டும் பார்த்தபோதும் அதே தயக்கம். ஆனால் அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது வேறுபாடு மறைந்துபோனது! ஆக, அவர்கள் சொன்னதில் குறை இல்லை. வெறுப்பு முழுவதும் தோரணையின் மேல்தான், அதுவும் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பழகாதவர்களிடமிருந்து. வேலைக்கான நேர்காணலும் பெண் பார்க்கும் சடங்கும் வாடகைக்கு வீடு கேட்டுப் போவதும் இப்படிப்பட்ட முதல் நொடிகளில்தான் தீர்மானமாகின்றன. அந்த நொடிகளைத் தாண்டுவதற்கு வசூலிக்கப்படும் சுங்கம்தான் மறைப்பு.

ஆட்டிச நிலையில் உள்ள பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இலேயே, புரியாமை இருபக்கமும் உள்ளது என்று வாதிட்டார். எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் இதைச் சோதித்தார்கள். ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கதையைக் கடத்தும் சங்கிலியில், எல்லோரும் ஆட்டிச நிலையில் இருந்தபோது கதை மற்றவர்களின் சங்கிலியைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்தபோது அதிகம் சிதைந்தது. பின்னர் 311 பேரை வைத்து 2025இல் வெளியான பெரிய ஆய்வில், கலந்த குழுவின் அந்தப் பின்னடைவு தென்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டிச நிலையில் உள்ளவர்களால் தகவலைச் சரியாகப் பரிமாற முடியாது என்ற பழைய எண்ணத்துக்கு இரண்டு ஆய்வுகளிலுமே ஆதரவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சான்றுகளின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை தன்னைப் பற்றித் தானே நிரப்பிய படிவங்கள். மனச்சோர்வு மறைப்பால் வந்ததா, மனச்சோர்வு உள்ளவர் அதிகம் மறைக்கிறாரா என்பதை ஒரே சமயத்தில் கேட்ட கேள்விகளால் பிரித்தறிய முடியாது. பங்கேற்றவர்களில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் படித்தவர்களே அதிகம். இதைவிடக் கூர்மையான மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது: பேச்சே வராத எங்கள் பிள்ளைக்கு எதை மறைக்கத் தெரியும், நன்றாகப் பேசுகிறவர்களின் துயரத்துக்கு ஏன் இத்தனை இடம்? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கையை உதறும் பிள்ளையைப் பேருந்தில் முறைக்கிற பார்வையும், பெரியவர் ஒருவரைக் கையை உதறாமல் அடக்க வைக்கிற பார்வையும் ஒன்றுதான். மறைக்க முடிந்தவர் சோர்வாகச் செலுத்தும் விலையை, மறைக்க முடியாதவர் ஒதுக்கப்பட்டுச் செலுத்துகிறார்.

“அப்படியானால் மறைப்பதை விட்டுவிடலாமே” என்ற அறிவுரை எளிது, ஆபத்தும் கூட. வேலை போனால் யார் பொறுப்பு? சாஸனும் அவருடைய சக ஆய்வாளர் மாரிசனும் 2019இல் கண்டபடி, பேசுபவருக்கு ஆட்டிசம் என்று முன்பே சொன்னபோது பார்த்தவர்களின் மதிப்பீடு உயர்ந்தது. ஆட்டிசத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர்களிடமும் அது உயர்வாக இருந்தது. ஆகவே முதலில் மாற வேண்டியது பார்ப்பவர்தான். நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே தருவது, வேலையை வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் சொல்வது, கண்ணைப் பார்க்காததை நேர்மையின்மையாக எண்ணாமல் இருப்பது, இவற்றுக்குப் பெரிய பணமும் தேவையில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்கிறது. அரசு வேலை ஒதுக்கீட்டில் வேறு சில பிரிவுகளோடு சேர்த்து ஒரு சதவீதம் தருகிறது. ஆனால் அதைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இங்கே பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். அவற்றில் முதலாவது, கண்ணோடு கண் பார்ப்பது குறைவாக இருக்கிறதா என்பது. நேரில் கவனித்தும் பெற்றோரிடம் விசாரித்தும் மதிப்பெண் போடும் அந்த அறையில், இருபது ஆண்டுகளாகப் புருவ நடுவைப் பார்த்துப் பழகியவர் குறைந்த மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் கிடைக்காமல் திரும்பிவிடக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, பிற்காலத்தில் கற்ற உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. பெரியவர்களைப் பரிசோதிக்கும் நம் மருத்துவர்களும், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்கிறாரா என்பதோடு, அப்படிப் பார்க்க அவர் என்ன செய்கிறார், வீடு திரும்பியதும் எத்தனை மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார் என்பதையும் கேட்டுக் குறிக்கத் தொடங்க வேண்டும்.